நெல்லூருக்குக் கேட்ட சத்தம்

எங்கள் பட்டறை அக்கா எதையும் தட்டித்தான் பார்ப்பார். தேங்காயை எல்லாரும் தட்டுவார்கள், அதில் அதிசயமில்லை. அக்கா பூசணிக்காயைத் தட்டுவார், புதுக் குடத்தைத் தட்டுவார், பஸ்ஸில் உட்காரும் முன் ஜன்னலோரத் தகரத்தை ஒரு தட்டுத் தட்டுவார். ஒரு பெருநாளுக்கு என் மனைவி பிரியாணி கொடுத்தனுப்பினாள். தூக்கை வாங்கியதும் விரலை மடக்கி அதன் வயிற்றில் இரண்டு தட்டு. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாரா, வெந்துவிட்டதா என்று பார்த்தாரா, அல்லாவுக்குத்தான் தெரியும். மறுநாள் தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

"பிரியாணி எப்பிடிக்கா இருந்துச்சு?"

"சாப்ட்டோம்."

அவ்வளவுதான். "நல்லா இருக்குது" என்ற வார்த்தையை அவர் வாயால் நான் பதினாலு வருடம் கேட்டதில்லை. சாமானைச் சொன்னதில்லை, சாப்பாட்டைச் சொன்னதில்லை, மனுஷனைச் சொன்னதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தபோது, "மாப்ள எப்பிடிக்கா?" என்று கேட்டேன். "பாக்கணும்" என்றார். மாப்பிள்ளைக்கு இரண்டு குழந்தை பிறந்து, பெரியது பள்ளிக்கூடம் போன பிறகும் கேட்டேன். "பாத்துக்கிட்டுதான் இருக்கறன்."

எனக்கு விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. கரன்ட் கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பீங்கான் குமிழ் செய்கிறோம். நடுவில் ஒரு துளை, இடுப்பில் ஒரு பள்ளம், உள்ளங்கைக்குள் அடங்காத பருமன். மின்கம்பத்தில் அண்ணாந்து பார்த்தால் தெரியும். யாரும் பார்ப்பதில்லை. அக்கா அங்கே சாமான் பிரிக்கிறவர். சூளையிலிருந்து வந்த குமிழை ஒரு சணல் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு, இரும்பு போய்ப் பிடி மட்டும் மிஞ்சிய ஒரு ஸ்க்ரூ டிரைவரின் மரக்கட்டையால் ஒரு தட்டு. நன்றாக வெந்த குமிழ் கிணீர் என்று நீண்டு பேசும். வேகாதது டொக் என்று வாயை மூடிக்கொள்ளும். மயிரிழை விரிசல் விழுந்தது கிர்ர் என்று சளி பிடித்தவன் மாதிரி இழுக்கும். கிணீர் வலப்பக்கம், மற்றது இடப்பக்கம். வலப்பக்கம் வைக்கும்போதும் முகத்தில் ஒரு திருப்தி தெரியாது. "நல்ல பீஸா?" என்று கேட்டால், "நான் என்னா சொல்றது? அதான் சொல்லுதே" என்பார்.

எனக்கு அவர் கிணீர் வேண்டியிருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனுஷன், மூன்று பெண்ணுக்குத் தகப்பன், பேட்டையில் எல்லாரும் "பாய், பாய்" என்று கூப்பிட்டு டீ வாங்கித் தருகிற ஆள். ஆனால் காலையில் பட்டறைக்குள் நுழையும்போது அக்கா ஒருநாளாவது என்னைப் பற்றி நல்லதாக நாலு எழுத்துச் சொல்லமாட்டாரா என்றிருக்கும். வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

"யக்கா, ஒரு மொதலாளியா நான் எப்பிடி?"

"காலையிலயே என்னா பாய் உங்களுக்கு? டீ குடிச்சீங்களா இல்லியா?"

நெஞ்சுவலி என்று ஒருமுறை கடலூர் வரை போய் ஈசிஜி எடுத்துவிட்டு வந்தேன். நெஞ்சுவலி இல்லை, பயம். எனக்குப் பயம் வந்தால் அது நெஞ்சில்தான் உட்காரும். ஒன்றுமில்லை, இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதைப் பெருமையாகச் சொன்னேன். அக்கா கட்டையைக் கீழே வைக்காமல் கேட்டார். "அவரு தட்டிப் பாத்தாரா?"

கம்மாபுரத்துப் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பம் அவருடையது. பிறகு ஒரு புரோக்கர் வாங்கிக் கொடுத்த மனையில் வீடு கட்டினார்கள். "நல்ல மண்ணும்மா, நல்ல எடம், நல்ல வாட்டம்" என்று அவன் மூன்று முறை சொன்னானாம். இரண்டாம் மழையில் சுவர் வாய் பிளந்துவிட்டது. இதை அக்கா எனக்குச் சொன்னதுகூட வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில்தான். "அவன் சொன்ன ஒவ்வொரு நல்லதுக்கும் ஒரு விரிசலு" என்று சொல்லிவிட்டு அடுத்த குமிழை எடுத்தார்.

இப்போது நெல்லூர்க்காரரைச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் குமிழை வாங்குகிறவர். நான் செய்வதில் முக்கால்வாசி அவருக்குத்தான் போகும். அவர் வாங்கவில்லை என்றால் என் பட்டறையில் நான் பொரிகடலைதான் வறுக்க வேண்டும். இத்தனை வருடத்தில் விருத்தாசலத்துக்கு ஒருமுறையும் வந்ததில்லை. முன்னொரு காலத்தில் வேறெங்கோ யாரிடமோ விரிசல் சாமான் வாங்கி அடிபட்டவர். அதனால் ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் லோடு கிளம்பும் நாள் காலை பத்து மணிக்குப் பட்டறை ஃபோன் அடிக்கும். மேசை மேல் இருந்த லேண்ட்லைன், சிவப்பு, எண் சுழற்றுகிற காலத்தைத் தாண்டிப் பொத்தான் வைத்தது. நான் எடுத்து ஸலாம் சொல்லுமுன் அவர் சொல்வார்: "அம்மகாருக்கு இய்யண்டி."

ரிசீவரை அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். அவருக்குத் தமிழ் அரைகுறை, அக்காவுக்குத் தெலுங்கு ஒன்றும் கிடையாது. அக்கா ரிசீவரை மடித்த துண்டின் மேல் மல்லாக்கப் படுக்க வைப்பார், பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி. நெல்லூரிலிருந்து குரல் வரும்: "ஏழாவது பெட்டி. கீழ வரிசை." நான் ஏழாவது பெட்டியைப் பிரித்து, வைக்கோலைத் தோண்டிக் கீழ் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். அக்கா சணலில் கோத்து ரிசீவருக்கு மேலே தொங்கவிட்டு ஒரு தட்டு. கிணீர். நெல்லூரில் ஒரு "ம்". அடுத்த பெட்டி. கிணீர். "ம்." பத்துப் பன்னிரண்டு தட்டு ஆனதும், "சரி, ஏத்துங்கோ." இதுதான் வியாபாரம். கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை. தட்டுகிற ஒருவர் இங்கே, காது ஒன்று அங்கே.

இதை நான்தான் கெடுத்தேன். நாலைந்து வருடத்துக்கு முன்னால், ஷார்ஜாவில் இருக்கிற என் மச்சான் ஒரு மொபைலை அனுப்பி வைத்தான். கண்ணாடி மாதிரி பளபளப்பு, முகம் பார்த்துத் தலை சீவலாம். லேண்ட்லைன் அப்போது மாதத்தில் பாதி நாள் வாத நோய் கண்டவன் போலக் கிடந்தது. ரோட்டைத் தோண்டினால் போய்விடும், மழை பெய்தால் போய்விடும், யாராவது முறைத்துப் பார்த்தால் போய்விடும். இனி இது எதற்கு என்று ஒரு வேகத்தில் எழுதிக் கொடுத்து, சிவப்பு ஃபோனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போய் டெலிஃபோன் ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். அக்காவிடம் புதுசைக் காட்டினேன்.

கையில் வாங்கினார். நகத்தால் ஒரு தட்டு.

"என்னாக்கா, எப்பிடி?"

"சத்தமே இல்லியே."

சிரித்தேன். அடுத்த லோடு அன்றைக்குச் சிரிப்பு நின்றது.

அது பன்னிரண்டு பெட்டி லோடு. பத்து மணிக்கு மொபைல் ஏதோ கல்யாண வீட்டு நாதஸ்வரம் போல் பாடியது. எடுத்தேன். "அம்மகாருக்கு இய்யண்டி." அக்கா மொபைலைத் துண்டின் மேல் படுக்க வைத்தார், குமிழைத் தொங்கவிட்டார், தட்டினார். பட்டறை முழுக்க மணி அடித்த மாதிரி கிணீர்.

நெல்லூரில் மௌனம்.

"தட்டுங்கோ அம்மா."

தட்டினார். கிணீர்.

"ஏமி பாய்காரு, சப்தம் ராலேது. அம்மா தட்டறாங்களா?"

"தட்டறாங்க சார், காது கிழியுது இங்க!"

"இக்கட ஏமி லேது, ஒண்ணுமே வரல. டொப்புன்னு ஒரு சின்னது. அப்பறம் ஏமி லேது."

நான் மொபைலைத் தலைகீழாகப் பிடித்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பானைக்குள் விட்டுத் தட்டச் சொன்னேன். கக்கூஸுக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நானே ஒரு குமிழைக் கழுத்தில் மாட்டித் தட்டினேன். வெளியே வந்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோவில் கூப்பிட்டேன். நெல்லூர்க்காரரின் மூக்குத் துவாரம் மட்டும் பெரிசாகத் தெரிந்தது. "எனக்குக் கண்ணு வேணாம் பாய்காரு, காது வேணும்" என்றார் மூக்குத் துவாரம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் ரிப்பேர் பார்க்கிறவரிடம் மூச்சிரைக்க ஓடினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விளக்கினார். "இது நல்ல ஃபோனு பாய். அதான் பிரச்சனை. மனுசன் பேசறதை மட்டும் எடுத்துக்கும். மத்த சத்தம் எல்லாத்தையும் இரைச்சல்னு நெனச்சித் தள்ளிவுட்டுரும்."

"தள்ளாம இருக்க வழியில்லியா?"

"எல்லாரும் தள்ளறதுக்குதான் காசு குடுத்து வாங்கறாங்க. நீங்கதான் இரைச்சலைக் கேக்கறீங்க."

லேண்ட்லைனைத் திரும்பக் கேட்டேன். புதிதாக எழுதிக் கொடுங்கள், கொஞ்ச நாளாகும் என்றார்கள். நெல்லூர்க்காரர் கொஞ்ச நாள் பொறுக்கிறவரில்லை. "நாளைக்குப் பத்து மணி. சப்தம் கேட்டா ஏத்து. கேக்கலைன்னா எனக்கு வேற எடத்துல ஆளு இருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நெஞ்சு வலிக்க ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போன பிறகு நான் ஒரு வேலை செய்தேன். அதை இதுவரை எழுத்தில் வைத்ததில்லை.

பன்னிரண்டு பெட்டி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பதினொன்றுதான் நிறைந்திருந்தது, சத்தம் போகாத களேபரத்தில் அதைச் சொல்லவில்லை. பன்னிரண்டாவது காலி. சூளை அந்த முறை சரியாகப் பிடிக்காமல் அக்காவின் இடப்பக்கம் வேகாத குமிழ் மலையாகக் குவிந்திருந்தது. லேண்ட்லைன் இருந்த காலத்தில் அந்தக் குவியலைத் தொடக்கூடத் துணிய மாட்டேன். நெல்லூர்க் காது எந்தப் பெட்டி எந்த வரிசை என்று கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் இப்போதுதான் சத்தம் போகாதே. வேறு ஃபோன் தேடிப் பிடித்தாலும் அதற்குப் பக்கத்தில் பன்னிரண்டு பெட்டியையுமா தூக்கிக்கொண்டு போகமுடியும்? புது மொபைலால் எனக்குக் கிடைத்த முதல் உபயோகம் இதுதான். இடப்பக்கத்திலிருந்து அள்ளி, வைக்கோல் வைத்து, பன்னிரண்டாவது பெட்டியை நிரப்பினேன். மூடி போட்டு ஆணி அடித்தேன். அவசரத்தில் கட்டைவிரலிலும் ஒன்று அடித்துக்கொண்டேன்.

காலையில் அக்கா வந்தார். பெட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். என் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

"என்னா பாய் இது?"

"கதவிடுக்குல மாட்டிக்கிச்சிக்கா."

கட்டையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

லேண்ட்லைன் உயிரோடு இருக்கிற இடம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. பாலக்கரைப் பக்கம், சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டியும் வண்டியும் வாடகைக்கு விடுகிற கடை. அவர்கள் மட்டும் எண்ணை மாற்ற மாட்டார்கள். இழவு விழுந்த வீட்டில் யாருக்கும் புது எண் ஞாபகம் வராது. லாரியில் பதினொரு பெட்டி ஏற்றியாகிவிட்டது. நாலாவது பெட்டியை மட்டும், சோதனைக்கென்று நானும் அக்காவும் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். லாரி பின்னால் வந்து கடை வாசலில் அதையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும். இதுதான் திட்டம்.

கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்தார். என் முகம் அன்று அந்தக் கடைக்கு ஏற்ற முகம்தான். எழுந்து நின்றுவிட்டார்.

"யாருங்க பாய்? எப்ப ஆச்சு?"

"இன்னும் ஆவலீங்க. பத்து மணிக்குதான்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். அக்காதான் சொன்னார்: "யாரும் போவலீங்க. ஒரு ஃபோன் வரும், பேசிக்கறோம். இவருக்குப் பயம் வந்தா இப்பிடிதான் ஒளறுவாரு."

பத்து மணிக்குக் கறுப்பு ஃபோன் பழைய டிரிங் டிரிங் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தின நாளே எண்ணைக் கொடுத்து வைத்திருந்தேன். ஐஸ் பெட்டியின் மூடி மேல் துண்டை மடித்துப் போட்டு அக்கா ரிசீவரைப் படுக்க வைத்தார். நாலாவது பெட்டியிலிருந்து ஒரு குமிழ். கிணீர்.

"ம்!" நெல்லூரில் உயிர் வந்தது. "மஞ்சிதி, நல்லாருக்கு! எந்தப் பெட்டி அம்மா இது?"

நான் குனிந்து ரிசீவரிடம் சொன்னேன். "நாலாவது சார்."

"சரி. இப்ப பன்னெண்டாவது."

ஆண்டவனே. பன்னிரண்டு பெட்டியில் அந்த மனுஷனுக்கு வேறு எண்ணே கிடைக்கவில்லையா? ஒன்று இருக்கிறது, ஐந்து இருக்கிறது, ஒன்பதுக்கு என்ன குறைச்சல்?

"சார், மத்ததெல்லாம் லாரில ஏத்தியாச்சு. இது ஒண்ணுதான் எடுத்தாந்தோம். தூரம் சார், பட்டறைல ஃபோன் இல்லியே."

"அதான் பாய்காரு. தட்டிக் காமிக்க ஒரு பெட்டி எடுத்துட்டு வரணும்னா யாரும் மஞ்சி பெட்டிதான எடுப்பாங்க?"

கடைக்காரர் எனக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அனுபவசாலி, விழப்போகிறவனைத் தெரிந்து வைத்திருக்கிறவர். பதினாலு வருட வியாபாரம் ஐஸ் பெட்டியின் மேல் மல்லாந்து கிடந்தது. பொரிகடலை வறுக்கும் வாசனை மூக்கில் ஏறியது. மூன்று பெண்களின் முகம் வரிசையாக வந்தது. மூன்றாவதற்கு அப்போதுதான் காலேஜில் இடம் கிடைத்திருந்தது.

நெல்லூர்க்காரர் பெருமூச்சு விட்டது கேட்டது. "சரி. அம்மகாரு சொல்லட்டும். பதினாலு வருசம் அம்மா தட்டித் தப்பு வந்ததில்ல. இன்னைக்கு வாயால சொல்லட்டும். லோடு மஞ்சிதான்னு சொன்னா நான் வாங்கறேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். பிரியாணிக்கே சொல்லாதவர். மாப்பிள்ளைக்கே சொல்லாதவர். கையெடுத்துக் கும்பிட்டேன், நிஜமாகத்தான். குரல் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, "யக்கா, ஒரே ஒரு தடவை" என்றேன்.

அக்கா ரிசீவரைத் துண்டிலிருந்து எடுத்தார். அதைக் காதில் வைத்து அவர் பேசி நான் பார்த்ததில்லை. எப்படிப் பிடிப்பது என்று யோசித்தவர் போல ஒரு கணம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்வையை எடுக்காமலே பேசினார்.

"சார், சாமானைப் பத்தி நான் சொல்றதில்லீங்க. தட்டினாதான் தெரியும். ஆனா எங்க பாய் நல்லவருங்க."

ரிசீவரை வைத்துவிட்டார்.

நெல்லூர் ஒத்துக்கொண்டது. மறுபடி அடித்து, "ஏத்துங்கோ" என்று ஒரே சொல்லில் முடித்தார். லாரி வந்தது. நாலாவது பெட்டி ஏறியது. டிரைவர் கையசைத்துவிட்டு உளுந்தூர்பேட்டை ரோட்டில் போய்விட்டார். கடைக்காரர் என் தோளைத் தட்டி, நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் அவர் தினமும் கேட்பவர்தான் போல.

ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பதினாலு வருடம் கேட்டுக் கேட்டு, கெஞ்சிக் கெஞ்சி, கிண்டல் பண்ணிப் பண்ணிக் கிடைக்காத வார்த்தை. அது கிடைத்தது, எனக்கு அதில் ஒரு எழுத்துக்கூடப் பொருந்தாத அன்றைக்கு. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை நல்லது என்று சொன்னார், அது நான், இடப்பக்கச் சாமான். பன்னிரண்டாவது பெட்டி நெல்லூரில் பிரிக்கப்படும். அந்தக் குமிழ்கள் எங்கோ வயல் ஓரத்துக் கம்பத்தில் ஏறும். முதல் மழையில் கரன்ட் கசியும். கம்பத்தை யாரோ ஈரக் கையோடு தொடுவான். அப்போது நெல்லூர்க்காரர் என்னை நினைக்க மாட்டார். அந்த அம்மா சொன்னாரே என்றுதான் நினைப்பார்.

பட்டறையில் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

"எங்க பாய்? சோறு துன்னலியா?"

"போயிட்டு வரேன்க்கா."

என் மொபெட் அதன் வாழ்நாளில் அவ்வளவு வேகம் போனதில்லை. வேகம் என்றால் என்ன, சைக்கிளில் போன இரண்டு பேரை முந்தினேன். டிரைவருக்கு மாமியார் வீடு மங்கலம்பேட்டையில். மதியச் சாப்பாட்டை அவர் வேறெங்கும் சாப்பிட்டதில்லை என்பது மட்டும்தான் என் நம்பிக்கை. லாரி போய்விட்டிருந்தால் உளுந்தூர்பேட்டை, அங்கேயும் விட்டால் விழுப்புரம், அப்படியே நெல்லூர் வரை இந்த வண்டியில் போய் அவர் வாசலில் இறங்குவது போலவும், "ஏமி பாய்காரு?" என்று மூக்குத் துவாரம் கேட்பது போலவும் வழியெல்லாம் ஓடியது. யா அல்லா, டிரைவர் மாமியார் இன்றைக்கு மீன் குழம்பு வைத்திருக்க வேண்டும், அவர் இரண்டாம் சோறு கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

வைத்திருந்தார். லாரி வேப்பமரத்தடியில் நின்றது.

டிரைவர் கையில் குழம்போடு வெளியே வந்தார். "என்னா பாய், வேர்த்து ஊத்துது? என்னா மறந்துட்டீங்க?"

"மறக்கல. ஒரு பொட்டியை எறக்கணும்."

பன்னிரண்டாவதை இறக்கினோம். பிறகு ரோட்டோரமாக நின்று மொபைலை எடுத்தேன். கரும்பு டிராக்டர்கள் பெண்ணாடத்து ஆலைக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு போயின. ஒரு பஸ் எனக்குப் பின்னால் நின்று விடாமல் ஹார்ன் அடித்தது. இந்த இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்காது, சொன்ன மாதிரியும் ஆகும், கேட்காத மாதிரியும் ஆகும் என்று அந்த நேரத்திலும் என் புத்தி ஒரு கணக்குப் போட்டது.

"சார், பன்னெண்டாவது பொட்டி சரியில்ல. அக்கா தள்ளி வெச்ச சாமானை நான்தான் எடுத்து ரொப்பினேன். இப்ப எறக்கிட்டேன். பதினொண்ணுதான் வரும்."

டிராக்டர் பாட்டு என் காதைப் பிளந்தது. நெல்லூரில் சத்தமே இல்லை.

"சார்? கேக்குதா சார்? இங்க ஒரே இரைச்சலு."

"இரைச்சலா?" என்றார். "ஏமி லேது பாய்காரு. ரூம்ல உக்காந்து பேசற மாதிரி இருக்கு. உங்க குரல் மட்டும் சுத்தமா கேக்குது."

மச்சான் அனுப்பியது நல்ல ஃபோன்தான்.

நெல்லூர்க்காரர் கேட்டார். "அம்மகாருக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"பதினொண்ணு வரட்டும். நான் இங்க ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துக்கறேன். இனிமே ஃபோன்ல தட்ட வேணாம்." வைத்துவிட்டார்.

அதன் பிறகும் அவர் வாங்கினார், இன்றும் வாங்குகிறார். ஆனால் லோடு கிளம்பும் நாள் பத்து மணிக்கு எந்த ஃபோனும் அடித்ததில்லை.

பெட்டியை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு, காலை அகட்டி, கோழி வியாபாரி மாதிரி திரும்பினேன். பட்டறைக்கு வந்தபோது சாயங்கால வெயில் வாசலில் கிடந்தது. அக்கா வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் என் சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் இருந்தது. நான் பெட்டியை இறக்கி அவர் எதிரே வைத்தேன். நாலு விதமாகச் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நாலும் தமாஷாக இருந்தன, விட்டுவிட்டேன்.

அக்கா மூடியை விரலால் தடவினார்.

"அஞ்சு ஆணி. நான் நாலுதான் அடிப்பன்."

"எப்ப பாத்தீங்க?"

"காலையிலயே."

பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். "தெரிஞ்சேவாக்கா சொன்னீங்க, அங்க? நல்லவருன்னு?"

"சாமானுன்னா கட்டையால தட்டலாம்" என்றார். "மனுசனை எத்தால தட்டறது? ஒரு சொல்லாலதான்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளே வியர்வை காதுக்குள் இறங்கியது.

"அப்ப சத்தம் எப்பிடிக்கா வந்துச்சு?"

நெல்லூர்க்காரர் "ம்" சொல்லக் காத்திருந்த அத்தனை வருடத்திலும் நான் அப்படி மூச்சைப் பிடித்ததில்லை. அக்கா கட்டையைக் கையில் எடுத்தார். என் ஹெல்மெட்டின் மேல் ஒரு தட்டு. டொக். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தட்டு.

"எழுந்திரிங்க பாய்" என்றார். "பொட்டியைத் தொறக்கணும்."